மெஷினில் சைபர், ரோட்டில் நடுக்கம்

சிறுமலை ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளில் புது அலாய் வீல் தன் குறையைக் காட்டாது. அந்த ரோட்டில் முப்பதைத் தாண்டி ஓட்ட இடமில்லை. இறங்கி, நத்தம் ரோட்டைப் பிடித்து, திண்டுக்கல் வந்து, மதுரை பக்கமோ கரூர் பக்கமோ நான்குவழிச் சாலையில் ஏறி முள் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் விரல்களுக்குள் குறுகுறுக்க ஆரம்பிக்கும். 90-ல் கையே ஆடும். 110-ல் சில வண்டிகளில் தானாக அடங்கிவிடும். மாட்டிய கடைக்குத் திரும்பிப் போனால் வீலைக் கழற்றி பேலன்சிங் மெஷினில் சுற்றிக் காட்டுவார்கள். உள்பக்கம் சைபர், வெளிப்பக்கம் சைபர். "வீல்ல ஒண்ணும் இல்லண்ணே, சஸ்பென்ஷனக் காட்டுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த சைபர் பொய்யில்லை. ஆனால் அது மெஷினைப் பற்றிய சான்று, காரைப் பற்றியது அல்ல. மெஷின் என்ன செய்கிறது? வீலின் நடு ஓட்டையில் ஒரு கூம்பை நுழைத்து, அந்த ஓட்டையின் மையத்தை வைத்துச் சுற்றுகிறது. காரிலோ அதே வீல் ஹப்பின் மேல் உட்கார்ந்து நட்டுகளால் இறுக்கப்படுகிறது. இரண்டு மையங்களும் ஒன்றாக இருந்தால்தான் மெஷின் சொன்னது ரோட்டிலும் பலிக்கும். அந்த இரண்டையும் ஒன்றாக்குவது மாட்டுகிறவரின் வேலை. சட்டம் பொறுப்பைச் சுமத்துவதும் அங்கேதான்.

அரை மில்லிமீட்டர்

மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம், தெருவுக்கு நாலு நிற்கும் வண்டி. அதன் நான்கு போல்ட்டுகளும் அமைந்த வட்டத்தின் விட்டம், கடைக்காரர்கள் பி.சி.டி. என்பது, 100 மில்லிமீட்டர். ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் மேடு 54.1 மி.மீ. கம்பெனி ரிம்மின் நடு ஓட்டை அந்த மேட்டில் கச்சிதமாக உட்காரும். வெளிச்சந்தை அலாய் ஒரே அச்சில் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் நடு ஓட்டையை 67.1, 73.1 என்று பெரிதாகவே குடைந்துவிடுகிறார்கள். 54.1 மேட்டின் மேல் 73.1 ஓட்டை என்றால் சுற்றிலும் ஒன்பதரை மி.மீ. காலி. அதை நிரப்பத்தான் ஹப் ரிங் என்ற வளையம். சில நூறு ரூபாய்ச் சாமான். பல கடைகளில் இதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. கேட்டால்தான் டப்பாவைத் தேடுவார்கள்.

டயரோடு சேர்ந்து ஒரு வீல் 16 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலே 15 இஞ்ச் ரிம்மின் விளிம்பில் சுமார் 42 கிராம் வெயிட்டை வேண்டுமென்றே ஒரு பக்கம் ஒட்டியதற்குச் சமம். 185/65 ஆர் 15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர்; 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 14 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆறரை கிலோ அளவுக்கு ஒரு விசை ஹப்பை இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகும். மலையில் 30-ல் போகும்போது அதே தவறு அரை கிலோ சொச்சம்தான், கைக்குத் தெரியாது. 80-க்கும் 110-க்கும் நடுவில் மட்டும் பேயாட்டம் ஆடுவதற்குக் காரணம் வேறு: ஸ்டீயரிங்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் தமக்கென்று ஓர் இயல்பான அதிர்வு உண்டு, வீலின் சுற்று அதனோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் பெருகும், தாண்டியதும் தணியும். தணிந்ததால் கோளாறு போய்விட்டது என்று எண்ணி 110-லேயே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பேரிங் அந்த அடியை வாங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஹப் ரிங்கே சர்வரோக நிவாரணி என்றும் நினைக்க வேண்டாம். இறுக்கிய பிறகு வீலைப் பிடித்து நிறுத்துவது நட்டுகளின் அழுத்தம்தான். வளையம் மாட்டும் நேரத்தில் மையத்தைக் காட்டித் தருகிறது, அவ்வளவே. கூம்பு நட்டுகளை முறையாக இறுக்கினால் வளையமில்லாமலும் வீல் மையத்தில் உட்காரும். முறை என்பது இது: வண்டி ஜாக்கியில் தூக்கியபடி, சக்கரம் தரையைத் தொடாமல், எல்லா நட்டையும் முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, தரையில் இறக்கியபின் டார்க் ரெஞ்சால் முடிப்பது. நம் ஊரில் நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஏர் கன் ஒரு நட்டை முழுதாக அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். முதல் நட்டு வீலை எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமே அது நின்றுவிடும்.

வளையம் வாங்கினால் அலுமினியத்தில் வாங்குங்கள். சமவெளியில் பிளாஸ்டிக் போதும். சிறுமலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வரும் வண்டியின் டிஸ்க் சூடு ஹப்புக்கு ஏறும். மட்டமான பிளாஸ்டிக் வளையம் அதில் இளகி உருமாறும்.

பழைய ரிம்மைக் கொடுத்துவிடாதீர்கள்

அலாய் மாட்டும் அன்றே பழைய இரும்பு ரிம்மை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுவது பரவலான வழக்கம். கடைக்காரர் ஒரு தொகை கழித்துக்கொள்வார், வீட்டில் இடம் அடைக்காது. நடுக்கம் வந்த பிறகுதான் அதன் அருமை தெரியும். பழைய நாலு வீலையும் டயரோடு மாட்டி அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டினால் நடுக்கம் இல்லையா? கோளாறு புது வீலிலோ, புது டயரிலோ, மாட்டிய விதத்திலோதான், சஸ்பென்ஷன் தப்பித்தது. பழைய வீலிலும் அதே நடுக்கம் என்றால் கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. வழக்கு என்று வந்தால் இதைவிட எளிமையான சாட்சியமும் கிடையாது. ஒரு மாதமாவது பழைய செட் வீட்டில் கிடக்கட்டும்.

பழைய செட் கைவிட்டுப் போயிருந்தால் முன்வீல்களைப் பின்னாலும் பின்வீல்களை முன்னாலும் மாற்றிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்வீல். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்வீல். மாற்றியதும் நடுக்கம் கையிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால், கோளாறு அந்த வீல்களோடு பயணம் செய்கிறது என்று பொருள்.

நடுக்கத்துக்கு அலைன்மென்ட் மருந்தல்ல. வண்டி ஒரு பக்கம் இழுப்பது, டயர் ஓரம் தேய்வது ஆகியவற்றைச் சரிசெய்வதுதான் அதன் வேலை. "எதுக்கும் ஒரு அலைன்மென்ட் பண்ணிருவோம்" என்று சொன்னால், நடுக்கத்துக்காக அந்தக் காசைக் கொடுக்க வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட். 20, 30-லேயே வண்டி தள்ளாடி நடந்தால் அது பேலன்சிங் அல்ல. ரிம் பெண்டு, அல்லது டயருக்குள் பட்டை விட்டிருக்கிறது, அல்லது நட்டு லூஸ். மூன்றுமே உடனே நிறுத்த வேண்டிய சங்கதிகள்.

வீலைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். துரு, பழைய பெயின்ட் செதில், ஸ்டட்டில் கம்பெனியே மாட்டிய மெல்லிய தகட்டு கிளிப் என்று ஏதாவது ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தால் புது வீல் தட்டையாகப் படியாது. கம்பி பிரஷ்ஷால் பத்து நிமிட வேலை. அடுத்து ரிம்மின் ஓட்டம்: வண்டியைத் தூக்கி, ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ரிம் விளிம்புக்கு அருகில் அசையாமல் நிறுத்தி வீலைக் கையால் சுற்றினால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்குத் தெரியும். சர்வீஸ் மேனுவல்கள் பொதுவாக அனுமதிப்பது ஒரு மில்லிமீட்டருக்குள்தான். கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தால் அதற்குமேல் வெயிட் ஒட்டுவதில் பயனில்லை. டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டிச் சுற்றிலும் ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரிடத்தில் அது உள்ளே போயிருந்தால் டயர் ரிம்மில் சரியாக ஏறவில்லை.

உயிரோடு விளையாடும் சாமான்கள்

நடுக்கம் தொந்தரவு, கீழே வருபவை ஆபத்து. மாருதி வண்டிகளின் ஸ்டட் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களில் அதே 12 மி.மீ., ஆனால் மரை இடைவெளி 1.5. பார்வைக்கு இரண்டு நட்டும் ஒன்றுபோலவே இருக்கும். தவறான நட்டு கையால் இரண்டு சுற்று ஏறி மக்கர் செய்யும்; ஏர் கன்னுக்கு அது தெரியாது, மரையை வெட்டிக்கொண்டே ஏற்றிவிடும். ஆகவே நட்டைக் கையால் திருகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். 1.5 மரையில் எட்டுச் சுற்றாவது, 1.25 மரையில் ஒன்பது, பத்துச் சுற்றாவது ஏற வேண்டும். குறைந்தால் ஸ்டட்டின் பிடி போதாது.

நட்டின் அடிப்பகுதியும் முக்கியம். ஹோண்டா கம்பெனி வீலுக்கு உருண்டை அடி, டொயோட்டாவின் பல கம்பெனி அலாய்களுக்குத் தட்டை வாஷர், வெளி அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. கம்பெனி நட்டையே புது அலாயில் போட்டு மிச்சம் பிடித்தால் நட்டு ஓட்டையின் விளிம்பில் மட்டும் உட்காரும். சில நூறு கிலோமீட்டரில் தளரும். இறுக்கத்தின் அளவு வண்டியின் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. சிறிய கார்களுக்குப் பொதுவாக 85-லிருந்து 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். புது வீல் மாட்டி 50, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமலே பல கடைகள் நம்மை அனுப்பிவிடும்.

ஆஃப்செட் மாறினால், அதாவது வீல் வெளியே தள்ளி நின்றால், பார்வைக்கு மிடுக்கு. பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசை கூடும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு சிறுமலை வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் ஃபெண்டரில் உரசும் சத்தம் அப்போதுதான் முதல்முறை கேட்கும். ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளுவது இன்னும் மோசம். ஸ்டட்டில் நட்டுக்குக் கிடைக்கும் மரையை அது தின்றுவிடுகிறது.

செகண்ட் ஹாண்ட் அலாய் வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அலாய் வீல் வார்த்து, வெப்பப் பதம் கொடுத்து வலுவேற்றிய அலுமினியம். பெண்டு எடுக்கிறேன் என்று கேஸ் நெருப்பில் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். விரிசலை வெல்டிங் வைத்து, மக்கு பூசி, பெயின்ட் அடித்தால் புதுசு போலவே ஜொலிக்கும். ஸ்போக்கின் முதுகுப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

பெரிய அளவுக்கு மாறுகிறவர்கள் கவனிக்காத ஒன்று டயரின் சுமை எண். ஸ்விஃப்ட்டின் 185/65 ஆர் 15 டயரில் பொதுவாக 88 என்று அச்சிட்டிருக்கும்: ஒரு டயருக்கு 560 கிலோ. அதற்குப் பதில் அழகுக்காகப் போடும் 195/55 ஆர் 16-ல் 87 என்றிருந்தால் 545 கிலோ. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது. ஆனால் அகலமான டயர் அதிகச் சுமை தாங்கும் என்ற நினைப்பு தவறு. உங்கள் மாடலின் உயர்ந்த வேரியன்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் வீல் அளவு எதுவோ அதோடு நின்றுகொள்வது பாதுகாப்பு. சட்டத்துக்கும் அதுவே நல்லது.

மலையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று புது நடுக்கமோ, சக்கரத்தோடு சேர்ந்து டக்டக்கென்ற ஓசையோ வந்தால் அடிவாரம் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அகலமான இடத்தில் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டெப்னி ஸ்பேனரால் நாலு வீலின் நட்டையும் சோதியுங்கள். ஒரு ஸ்டட் உடைந்திருந்தாலும் வண்டி அங்கேயே நிற்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

முதலில் வண்டிக்காரரின் கடமை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டு வந்த திருத்தம் 182-ஏ பிரிவை மாற்றி எழுதியது: அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கம்பெனி அனுமதித்த அளவிலேயே இரும்பு ரிம்முக்குப் பதில் அலாய் போடுவது ஒன்று. ஃபெண்டரைத் தாண்டி நீட்டும் டயர், ஸ்பேசர் என்று போவது வேறு. வாழைத்தாரும் பலாவும் ஏற்றி இறங்கும் சரக்கு பிக்கப்புகளுக்கு இன்னும் கவனம் தேவை. சரக்கு வாகனங்களின் பதிவு விவரங்களில் டயரின் எண்ணிக்கையும் அளவும் சேர்ந்தே வரும்.

விற்பவரின் கடமை அடுத்து. வாகன ரிம்களுக்கு ஐ.எஸ். 16192 என்ற இந்தியத் தர அளவு உண்டு. 2020-ல் மத்திய அரசு பிறப்பித்த தரக் கட்டுப்பாட்டு உத்தரவு அதை ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு கட்டாயமாக்கியது. கார் டயர்களுக்கு ஐ.எஸ். 15633, அந்தக் கட்டாயம் 2009-ம் ஆண்டு உத்தரவிலிருந்தே இருக்கிறது. ரிம்மின் பின்பக்கத்தில் முத்திரையும் உரிம எண்ணும் தேடுங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் யாருக்கு எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். நடுமூடியில் இருக்கும் பகட்டான கம்பெனிச் சின்னம் ஒரு சான்றும் இல்லை, அது தனியாகவே கிடைக்கும். ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியக் குறியையும் அச்சிலேயே வார்த்துவிடுகிறவர்கள் உண்டு. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 1424 என்றால் 2024-ன் 14-வது வாரத் தயாரிப்பு.

பில் கேட்டால் "ஜி.எஸ்.டி. சேர்ந்துரும்ணே" என்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு அது 18 சதவீதம். அதை மிச்சப்படுத்தத் துண்டுச் சீட்டோடு வருகிறவர், பின்னால் கேட்க வேண்டிய உரிமையில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் கொடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பது குறையுள்ள பொருளுக்குச் செல்லாது.

பில்லில் வெறுமனே "அலாய் வீல் 4" என்று இருந்தால் போதாது. வண்டி எண், ரிம் அளவு, பி.சி.டி., ஆஃப்செட், நடு ஓட்டை அளவு, ஹப் ரிங் அளவு, நட்டின் மரை, உரிம எண், "இந்த மாடலுக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்று மாட்டியது" என்ற ஒரு வரி ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். எழுதத் தெரிந்த கடை எது, கண்ணளவில் மாட்டும் கடை எது என்பது அங்கேயே பிரிந்துவிடும். இந்த ஒரு கோரிக்கையால் பாதிக் கோளாறு மாட்டுவதற்கு முன்பே நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். அலாய் செட்டின் மதிப்பைக் கூடுதல் உபகரணமாகப் பாலிசியில் ஏற்றாவிட்டால் திருடு போனால் பணம் வராது. விபத்தில் சொல்லாத மாற்றத்தைக் காட்டி இழுத்தடிக்கவும் இடம் கொடுக்கும். அப்படி நியாயமில்லாமல் மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் இலவசமாக முறையிடலாம். கம்பெனி வாரண்டிப் புத்தகத்தில் விலக்குகள் என்ற பக்கத்தைப் படியுங்கள். வெளிப்பாகத்தால் வந்த சேதம் அங்கே வழக்கமாக இருக்கும். வீல் பேரிங்குக்குத்தான் முதல் தலைவலி.

ஆணையம் வரை

கடையோடு வாய்ச்சண்டை போடுவதில் பயனில்லை. ஓட்டுபவர் அல்லாத ஒருவர் ஸ்டீயரிங்கும் ஸ்பீடோமீட்டரும் தெரியும்படி வீடியோ எடுக்கட்டும். பழைய வீலோடும் ஒன்று. பிறகு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ வேறொரு நல்ல கடையிலோ ரிம் ஓட்டத்தையும் நடு ஓட்டையையும் அளந்து லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். குறையை நாளிட்டு வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதும் உதவும். அது தீர்ப்புச் சொல்லாது, பேசித் தீர்க்கப் பார்க்கும். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு விதி இருக்கிறது.

அதற்கும் மசியாவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வீலைக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டத்தின் பெரிய நன்மை அது. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, அலாய் செட் எப்படியும் அதற்குள்தான். வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் காலம் வைத்திருக்கிறது, நடைமுறையில் நீளும்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் "நாங்க வியாபாரம்தானே, எங்களுக்கு ஏது நுகர்வோர் சட்டம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டும் சுயதொழில் செய்பவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. ஆள் வைத்து வண்டி ஓட்டும் கம்பெனிக்குத்தான் அந்தக் கதவு அடைப்பு.

ரிம் உடைந்தோ வீல் கழன்றோ யாருக்காவது காயம் பட்டால் அது வெறும் பொருள் குறை அல்ல. அதற்கு நுகர்வோர் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்ற தனி அத்தியாயம். உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத பெயரற்ற ரிம்முக்கு விற்றவரே பொறுப்பு என்று அதன் 86-வது பிரிவு சொல்கிறது. பொருத்துவதிலும் சோதிப்பதிலும் நியாயமான அக்கறை காட்டாத விற்பனையாளரையும் அது விடுவதில்லை. பேலன்சிங் மெஷினின் சைபரைக் காட்டி "நாங்க பாத்துட்டோம்" என்ற வாதம் இங்கே எடுபடுவது கடினம், ஹப்பில் பொருந்துகிறதா என்று பார்க்காதவரை.

தோற்ற கடைக்காரர் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம், ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். ஆணையம் வழக்கைச் சமரசத்துக்கும் அனுப்பலாம். அங்கே கடைக்காரர் பெரும்பாலும் முதலில் நீட்டுவது "இன்னொரு தடவ ஃப்ரீயா பேலன்ஸ் பண்ணித் தர்றோம்" என்பதாகத்தான் இருக்கும். அதற்குத் தலையாட்ட வேண்டாம். அலாய் செட்டின் முழு விலை, மாட்டுக்கூலி, சோதனைக்கு ஆன செலவு, எக்ஸ்சேஞ்சில் போன இரும்பு ரிம்கள் நான்கும் அல்லது அவற்றின் இன்றைய விலை ஆகியவற்றைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் எந்தத் தேதிக்குள் என்றும் எழுதி வாங்குங்கள்.